மூணு பசுவுக்கு ஒரு காளை

வாணியம்பாடி டீக்கடையில வீகன்னு ஒரு வார்த்தையைப் போட்டுப் பாருங்க. மூணு விதமா பதில் வரும். ஒருத்தர் "அதான் ஐயர் வீட்டுச் சாப்பாடாச்சே" ம்பாரு. இன்னொருத்தர் "பீட்டாக்காரனுங்க வேலைப்பா, நம்ம நாட்டு மாட்டை ஒழிக்க வந்தவனுங்க" ன்னு குரலை உசத்துவாரு. மூணாவது ஆளு பெரும்பாலும் டேனரியிலயோ ஷூ கம்பெனியிலயோ வேலை செய்யறவரா இருப்பாரு. "தோலு வேணாம், கறி வேணாம், பாலும் வேணாம்னா இந்த ஊரு என்னா பண்ணும்?" னு கேட்டுட்டு எழுந்து போயிடுவாரு.

பட்டணத்துல இருக்கற உங்களுக்கு வீகன்னா பக்கத்து வீட்டுப் பொண்ணு, ஆபீஸ்ல கூட வேலை செய்யற தம்பி. பாதாம் பால் காப்பி குடிக்கிறாங்க, அவ்வளவுதான். கேலி பண்ணுவீங்க, விட்டுடுவீங்க. எங்க ஊருல இது அப்படி லேசா போற விஷயம் இல்லை. மாட்டுத்தோலை வச்சுப் பொழைக்கிற ஊரு இது. அதே தோல் வேலையால கெட்டுப்போன நிலமும் எங்களுதுதான். நான் ரெண்டு கறவை மாடு வச்சு சொசைட்டிக்குப் பால் ஊத்தறவன். வீகன்காரங்க கேக்கற கேள்வி எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்க வாசல்ல வந்துதான் நிக்குது. அதனால அந்த மூணு பதிலும் எங்கேருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கலாம்.

முதல்ல சைவம். சைவ வீட்டுல பால் இல்லாம ஒரு நாள் விடியுமா? காப்பி, தயிர், நெய், மோர், கோயில்ல பாலபிஷேகம். வீகன்காரங்க இது எதையும் தொட மாட்டாங்க. தேன் வேண்டாம், பட்டுப்புடவை வேண்டாம், தோல் செருப்பும் வேண்டாம். தமிழ்ல இதுக்கு நனிசைவம்னு பேரு வச்சிருக்காங்க. அழகான பேருதான், ஆனா ஆளுங்களைக் குழப்பறதும் அதுதான்னு நினைக்கிறேன். சைவத்தையே இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினா வீகன் ஆயிடும்ங்கற மாதிரி கேக்குது. நம்ம ஊரு சைவத்துல பெரும்பகுதி எது சுத்தம், எது தீட்டுங்கற கணக்கு. வீகன் கணக்கு வேற: இந்த மாட்டுக்கு என்ன ஆச்சு, இந்தக் கன்னு எங்க போச்சு?

அந்தக் கேள்வி நம்ம மண்ணுல கேக்காத கேள்வி ஒண்ணும் இல்லை. திருக்குறள்ல புலால் மறுத்தல்னு 26-வது அதிகாரமே இருக்குது. தின்கிறவன் இல்லாட்டி விக்கிறவனும் இருக்க மாட்டான்ங்கற வாதம் அதுல அப்பவே வந்தாச்சு. இன்னிக்கு வீகன்காரங்க கடை வாசல்ல நின்னு பேசறதும் அதேதான். எங்க பக்கமே எடுத்துக்குங்க. ஆம்பூர் கிட்ட மலையாம்பட்டுல அர்மாமலைன்னு ஒரு குகை. எட்டாம் நூற்றாண்டு சமண ஓவியங்க அங்க அழிஞ்சும் அழியாமலும் இருக்குது. பிரியாணிக்குப் பேர் வாங்கின ஊருக்குப் பக்கத்துலதான் ஒரு காலத்துல கொல்லாமை சொன்னவங்க உக்காந்திருந்தாங்க. வந்தவாசி, ஆரணிப் பக்கம் தமிழ்ச் சமணர்கள் இன்னிக்கும் இருக்காங்க, நிறையப் பேர் விவசாயிங்க. கறி தொட மாட்டாங்க. பால், நெய் உண்டு. வடலூர்ல வள்ளலார் 1867-ல தருமச்சாலை தொடங்கினாரு. உயிர்க்கொலையும் புலாலும் கூடாதுன்னாரு. ஆனா பசின்னு வந்தவன் கறி தின்றவனா இல்லையான்னு பார்த்துச் சோறு போடச் சொல்லலை. அந்த இடத்துலதான் எனக்கு வள்ளலாரைப் பிடிக்கும்.

பால் வரைக்கும் போய்க் கேள்வி கேட்டவரு காந்தி. தென்னாப்பிரிக்காவுல இருக்கும்போது கல்கத்தாவுல மாட்டுக்காரங்க பால் கறக்கறதுக்காகப் பசுவைப் பண்ற கொடுமையைப் பத்திப் படிச்சாரு. 1912-ல டால்ஸ்டாய் பண்ணையில பாலை விட்டாரு. அப்புறம் 1918-ல சீதபேதி வந்து சாகப் பொழைக்கக் கிடந்தாரு. டாக்டர் பால் குடிச்சாத்தான் உடம்பு தேறும்னு சொல்ல, "உங்க சபதம் பசு, எருமைப் பாலுக்குத்தானே, ஆட்டுப்பாலுக்கு இல்லையே" ன்னு கஸ்தூரிபா வழி காட்டினாங்க. குடிச்சாரு. ஆனா சொல்லைக் காப்பாத்தி அர்த்தத்தை விட்டுட்டேன்னு தன் சுயசரிதையில அவரே எழுதி வச்சிட்டாரு. வீகன்ங்கற வார்த்தை அப்போ பொறக்கவே இல்லை. 1944-ல இங்கிலாந்துல டொனால்ட் வாட்சன்னு ஒரு தச்சுவேலை வாத்தியார், கூட்டாளிகளோட சேர்ந்து உண்டாக்கின வார்த்தை அது. அதனால இது வெள்ளைக்காரன் சரக்குன்னு சொல்றவங்ககிட்ட நான் பேரு மட்டும்தான் அங்கேருந்து வந்துச்சுன்னு சொல்றது.

சரி, இவ்வளவு பழைய விஷயம் எங்க ஊருல ஏன் எரிச்சலைக் கிளப்புது? அதுக்குத் தோலைத் தொடணும்.

செத்த மாட்டைத் தூக்கறது, தோலை உரிக்கிறது, பதப்படுத்தறது எல்லாம் தலித் மக்கள் தலையில கட்டின வேலை. மேல்சாதி இந்துக்கள் தோல் வியாபாரத்தைத் தீட்டுன்னு ஒதுக்கினாங்க. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுல முஸ்லிம் வியாபாரிங்க அதை எடுத்து நடத்தினாங்க, இந்த வட்டாரமே அதுல நிமிர்ந்துச்சு. தோலை வேண்டாம்னு சொன்னவங்க அதோட நிக்கலை, தோலைத் தொட்ட மனுஷனையும் வேண்டாம்னு தள்ளி வச்சாங்க. ஆனா அதே தோல்ல தச்ச செருப்பைப் போட்டுக்கிட்டாங்க, அதே தோல் கட்டின மேளத்தைக் கல்யாணத்துல வாசிக்க வச்சாங்க. அம்பேத்கர் 1948-ல வந்த தன் புத்தகத்துல தீண்டாமைக்கும் மாட்டுக்கறிக்கும் இருக்கற தொடர்பைப் பத்தி விரிவா எழுதினாரு. இந்த ஊருல வளர்ந்த ஒருத்தர்கிட்ட போய் "மாட்டைத் தொடாதே" ன்னு சொன்னா அவரு காதுல அது பழைய குரலாத்தான் விழும். பேசறது யாரு, எதுக்காகன்னு பிரிச்சுப் பார்க்கிற பொறுமை வராது.

2022 மே மாசம் ஆம்பூர்ல பிரியாணித் திருவிழான்னு அரசாங்கம் அறிவிச்சுது. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் இல்லைன்னு தெரிஞ்சதும் எதிர்ப்பு கிளம்பிச்சு. மழையைக் காரணம் சொல்லித் தள்ளி வச்சாங்க. எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் மாவட்ட நிர்வாகத்துக்கிட்ட விளக்கம் கேட்டுச்சு. அதுல வீகன் யாரும் கிடையாது. ஆனா ஒருத்தன் தட்டுல இருக்கறதை இன்னொருத்தன் தள்ளி வைக்கிறதுன்னா எங்க ஜனங்களுக்கு ஞாபகம் வர்றது இதுதான்.

இப்போ விவசாயி பக்கம். வீகன் பேச்சு வந்தா எங்க ஆளுங்க சிலர் திடீர்னு ஆத்து மேல பாசம் காட்டுவாங்க. "தோலை நிறுத்தினா பாலாறு பொழைச்சிடும், நல்லதுதானே" ன்னு. பேர்லயே பால் வச்சிருக்கற ஆறு. இதுல ஒரு கதை இருக்குது.

மோட்டார் வர்றதுக்கு முன்னாடி எங்க கெணத்துல எல்லாம் கவலைதான். ரெண்டு மாடு பின்னாடியும் முன்னாடியும் நடக்கும், வடக்கயிறு சாலை இழுக்கும், சாலோட அடியில இருக்கற தோல் வால் வழியாத் தண்ணி வாய்க்கால்ல கொட்டும். மாடு இழுத்த தண்ணி, மாட்டுத்தோல் வழியாத்தான் பயிருக்குப் போச்சு. 1900-களோட தொடக்கத்துல மெட்ராஸ் கலைப்பள்ளியில இருந்த ஆல்பிரட் சாட்டர்டன்ங்கற வெள்ளைக்கார அதிகாரி குரோம் முறையில தோல் பதனிடறதை இங்க சோதிச்சுப் பார்த்தாரு. அதை வச்சு அவரு செஞ்சு விக்கப் பார்த்த சாமான்ல முக்கியமானது இந்தக் கவலைத் தோல்தான். தண்ணியில ஊறினாலும் சீக்கிரம் அழுகாதுன்னு. எங்க நிலத்தைக் கெடுத்ததா நாங்க சொல்ற குரோமியம், எங்க கெணத்துக்கு உதவி பண்றேன்னுதான் மெட்ராஸ் மாகாணத்துல கால் வச்சுது. இதைப் படிச்ச அன்னிக்கு ரொம்ப நேரம் அதே யோசனையா இருந்தேன்.

ஆனா ரொம்ப காலம் இங்க ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் ஓடுச்சு. பட்டையில ஊறப்போட்டுப் பாதி பதனிட்ட தோல் கப்பலேறி லண்டன் போகும், அங்க மீதி வேலை. 1970-கள்ல மத்திய அரசு பாதி பதனிட்ட தோலை அனுப்பறதைக் கட்டுப்படுத்துச்சு. முழுசா முடிச்ச தோலும் ஷூவும்தான் போகணும், அந்நியச் செலாவணி கூட வரும்னு. மீதி வேலை இங்க வந்துச்சு, அதோட அழுக்கும் வந்துச்சு. குரோம் பெருகிச்சு. பட்டைக்கு வாரக்கணக்குல ஆகற வேலை குரோம்ல சீக்கிரம் முடிஞ்சிடும்.

1991-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்துக்குப் போச்சு. 1996 ஆகஸ்ட் 28-ல தீர்ப்பு. சட்டம் படிக்கிற பிள்ளைங்க இன்னிக்கும் அதைப் படிக்கிறாங்க, கெடுத்தவன்தான் காசு கட்டணும்ங்கற விதி இந்தியச் சட்டத்துல உறுதியா உக்காந்தது அதுலதான். ஒரு கிலோ தோல் முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணின்னும், தோல் தொழில் வட்டாரத்துல ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ பயிருக்கு லாயக்கில்லாமப் போச்சுன்னும் அந்தத் தீர்ப்புலயே இருக்குது. அப்புறம் அமைச்ச ஆணையம் 2001-ல வேலூர் மாவட்டத்துக்கு நஷ்டஈடு கணக்குப் போட்டுச்சு. 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்க, ஆளுக்கு 9,200 கூட வரலை. கெட்ட நிலத்தை ஒரு தடவை ஆழமா உழுது எரு கொட்டவே பத்தாது. 2025 ஜனவரி 30-லயும் உச்சநீதிமன்றம் இதே விஷயத்துல, பாக்கி இருக்கறவங்களுக்கு நஷ்டஈடு கொடுங்கன்னு மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்துச்சு.

எங்க நிலத்துக் கெணறு உப்பாயிடுச்சு. தென்னையும் கோ-4 தீவனப்புல்லும் ஏதோ தாங்குது. எங்க அப்பா காலத்துல வெளைஞ்ச நெல்லு இப்ப இல்லை. அதனால தோல் வேண்டாம்னு சொல்றவங்க மேல எனக்குக் கோபம் கிடையாது. ஆனா அவங்க தோலுக்குப் பதிலா நீட்டற பொருளைத் தொட்டுப் பார்த்தா பெரும்பாலும் பி.யூ., இல்லைன்னா பி.வி.சி. நாங்க ரெக்சின்னு சொல்லிக்கிட்டு இருந்ததுக்கு இப்போ வீகன் லெதர்னு பேரு. பெட்ரோலுக்கு அண்ணன் தம்பி அது. அன்னாசி இலையில செய்யறாங்க, கேரளாவுல தேங்காய்த் தண்ணியிலகூட செய்யறாங்க, நல்ல முயற்சிதான். எங்க பஜார்ல இன்னும் கண்ணுல படலை. அதோட எங்க கெணத்தைக் கெடுத்தது மாட்டுத்தோல் இல்லை. பச்சைத்தோல் அழுகாம இருக்கப் போடற உப்பும், சுத்தம் பண்ணாம விட்ட கழிவும். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலைக் கெடுத்த கதை உங்களுக்குத் தெரியும். அங்க துணி பருத்தி, சுத்த வீகன்.

தமிழ்நாடு அரசு 2022-ல காலணி, தோல் பொருள் கொள்கைன்னு ஒண்ணு வெளியிட்டதுக்கப்புறம் தோல் இல்லாத ஷூ கம்பெனிங்கதான் நிறைய வருது. செய்யாறு பக்கம் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. கிராமத்துப் பொண்ணுங்க வேன் ஏறிப்போய் பிளாஸ்டிக்கும் துணியும் தைக்கிறாங்க. வீகன்ங்கற வார்த்தையே கேள்விப்படாதவங்க. சம்பளமும் ஷிப்டும் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

இனி ரெண்டாவது ஆளோட கோபம். எங்க பக்கம் ஜல்லிக்கட்டு கிடையாது, எருது விடும் விழா. பொங்கல் முடிஞ்சா ஊர் ஊரா நடக்கும். 2014 மே 7-ல உச்சநீதிமன்றம் தடை போட்டுச்சு, வழக்குல பீட்டா இருந்துச்சு. 2017 ஜனவரியில மெரினா நெறைஞ்ச கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள்ல பாதிப் பேர் அங்க இருந்திருப்பீங்க. 2023 மே 18-ல அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும்னு சொல்லி முடிச்சு வச்சுது. வீகன்னா பீட்டா, பீட்டான்னா வெளிநாட்டுச் சதிங்கற எண்ணம் தமிழ்நாட்டுல அந்த ஜனவரியில ஊறினதுதான், இன்னும் வடியலை. 2021-ல பீட்டா அமுலைப் பார்த்து செடிப்பாலுக்கு மாறுங்கன்னு சொன்னப்போ, பத்து கோடி பால் உற்பத்தியாளருக்கு யாரு சோறு போடுவாங்கன்னு அமுல் தலைவர் திருப்பிக் கேட்டாரு. எங்க சொசைட்டியில அதைக் கைதட்டாத குறையாப் பேசினாங்க.

ஆனா அதே 2017-ல மே மாசம் ஒண்ணு நடந்துச்சு, அதை யாரும் ஞாபகம் வச்சுக்கலை. வெட்டறதுக்காக மாட்டைச் சந்தையில விக்கக்கூடாதுன்னு மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்துச்சு. மதுரைக் கிளை அந்த மாசக் கடைசியிலயே இடைக்காலத் தடை கொடுத்துது. ஜனவரியில மாட்டைக் காப்பாத்துன்னு கூவினவங்களும், மே மாசம் மாட்டை விக்க விடுன்னு கேட்டவங்களும் ஒரே விவசாயிங்கதான். இதுல ஏமாத்து ஒண்ணும் இல்லை. விக்க முடியாத மாட்டை எந்தச் சம்சாரியும் வளர்க்க மாட்டான். ஆனா வெளியில இருந்து பார்க்கறவனுக்கு இது புரியாது, நாங்களும் தெளிவாச் சொன்னதில்லை.

சொல்றேன். 2019 கால்நடைக் கணக்கெடுப்புல இந்தியாவுல மொத்த மாடு 19 கோடியே 25 லட்சம். எருமை இதுல சேர்த்தி இல்லை. அதுல பசுவும் கிடேரியும் 14 கோடியே 51 லட்சம். மீதி, அதாவது காளை, எருது, காளைக்கன்னு எல்லாம் சேர்த்து 4 கோடியே 74 லட்சம். மூணு பசுவுக்கு ஒரு காளை. பொறக்கறது என்னவோ சரிபாதிதான். 2012 கணக்கோட பார்த்தா பசு நூத்துக்குப் பதினெட்டு கூடியிருக்குது, காளை நூத்துக்கு முப்பது கொறைஞ்சிருக்குது.

உழவு டிராக்டருக்குப் போச்சு, கவலை மோட்டாருக்குப் போச்சு, வண்டி டெம்போவுக்குப் போச்சு. சினை ஊசி வந்ததுக்கப்புறம் ஊருக்கு ஒரு பொலிகாளைகூட வேணாம். ஜெர்சி கலப்புக் காளைக்கன்னுக்குத் திமிலும் இல்லை, வெயில்ல ஏர் இழுக்கத் தெம்பும் இல்லை. அது குடிக்கிற பால் சொசைட்டிக்கு ஊத்த வேண்டிய பால். கொஞ்ச நாள்ல தரகர் வர்றாரு, துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசறோம், வண்டி ஏத்தறோம். கன்னு போனா சில மாடு பால் விடாது. அந்தக் காலத்துல செத்த கன்னோட தோல்ல வைக்கோலைத் திணிச்சு, நாலு குச்சி காலா நட்டு, மாட்டு முன்னாடி நிறுத்துவாங்க. மாடு நக்கிக்கிட்டே நிக்கும், கறந்துக்குவாங்க. பாலும் தோலும் ஒரே எடத்துல நிக்கிற அந்தக் காட்சியை விட வீகன்காரங்க பெருசா என்ன சொல்லிடப் போறாங்க?

பட்டணத்து சைவக்காரங்க சில பேர் என்கிட்ட "நாங்க பால் மட்டும்தான், எந்த உசுருக்கும் தொந்தரவு இல்லை" ம்பாங்க. ஏ-டூ பால், நாட்டுமாட்டு நெய்யின்னு கூடக் காசு கொடுத்து வாங்கறவங்களும் அதையே சொல்றாங்க. அவங்க டம்ளர்ல இருக்கற பாலோட மறுபாதி எங்க சந்தையில தும்புக்கயித்தோட நிக்குது. பிரியாணி தின்றவனுக்கு அது தெரியும், டேனரிக்காரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இந்த விஷயத்துல சைவக்காரரை விட வீகன் பொண்ணுகிட்ட எனக்குப் பேச்சு எளிதா இருக்குது. அவ பாலையும் தோலையும் ஒரே மாடுன்னு பார்க்கறா, நானும் அப்படித்தான் பார்க்கறேன். அதுக்கப்புறம் அவ வேண்டாம்ங்கறா, நான் மாசத்துக்கு மூணு தடவை வர்ற பால் பணத்துல வீட்டை ஓட்டறேன். உப்புத்தண்ணி நிலத்துல வேற என்ன பண்றதுன்னு அவளும் சொல்லலை, வேளாண்மை ஆபீசும் சொல்லலை.

இப்போ கடையில வீகன் சாமானுக்குன்னு தனி முத்திரை வந்தாச்சு, 2022-ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டுது, பச்சை நிறத்துல ஒரு எழுத்தும் சின்னச் செடியும். சோயா, பாதாம்ல செய்யறதுக்குப் பால்னு பேர் வைக்கக்கூடாதுன்னும் சொல்றாங்க. தேங்காய்ப்பாலுக்கு மட்டும் விதிவிலக்கு. நம்ம ஆப்பத்துக்கு ஊத்தறதைப் பால் இல்லைன்னு சொல்ல எந்த ஆபீசருக்கும் தைரியம் வரலை போல.

கால்நடைத்துறையில புதுசா ஒரு ஊசி வந்திருக்குது. விந்துலயே ஆண், பெண் பிரிச்சு, கிடேரிக்கன்னு மட்டும் பொறக்கற மாதிரி. நூத்துக்குத் தொண்ணூறு கிடேரிதான்னு சொல்றாங்க. ஊட்டியில அதுக்குன்னே நிலையம் இருக்குது. சாதா ஊசியை விட விலை கூட, எல்லா மாட்டுக்கும் சினை நிக்கறதும் இல்லை. எங்க ஊருல போட்டுக்கிட்டவங்க சில பேர் இருக்காங்க. அடுத்த பருவத்துக்கு என் சின்ன மாட்டுக்குப் போடச் சொல்லி வச்சிருக்கேன்.